ரோடு சைக்கிள் ஷூ வாங்குமுன்: நீளத்தைவிட அகலத்தைப் பாருங்கள்

நிமிடத்துக்கு 90 சுற்று என்ற வேகத்தில் மிதிப்பவரின் ஒவ்வொரு காலும் ஒரு மணி நேரத்தில் 5,400 முறை பெடலை அழுத்துகிறது. நான்கு மணி நேரம் ஓட்டினால் 21,600 முறை. நடக்கும்போது பாதம் வளைகிறது, விரல்கள் விரிகின்றன, உடல் எடை குதிகாலில் இறங்கி விரல்நுனி வழியாக வெளியேறுகிறது. சைக்கிளில் அந்த நகர்வு கிடையாது. அத்தனை அழுத்தமும் விரல்களுக்குப் பின்னால் உள்ளங்காலில் மேடாக இருக்கிறதே, அந்த ஒரே இடத்தில் விழுகிறது. அதனால்தான் கடைக்குள் நான்கு எட்டு நடந்து பார்த்து நன்றாக இருக்கிறது என்று வாங்கிய ஷூ, அறுபதாவது கிலோமீட்டரில் காலை எரிய வைக்கிறது.

ஷூ வாங்குபவர்கள் பெரும்பாலும் கேட்பது சோல் கார்பனா, எடை எத்தனை கிராம், டயல் ஒன்றா இரண்டா என்பதைத்தான். இவை எல்லாம் பிறகு வரவேண்டியவை. பெடல் எது, பாதத்தின் அகலம் எவ்வளவு என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் பாதிக்கு மேற்பட்ட ஷூக்கள் தாமாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

முதலில் பெடல்

ஷூவைத் திருப்பி அடிப்பகுதியைப் பாருங்கள். கிளீட்டைப் பொருத்துவதற்கான துளைகள் தெரியும். ஷூவின் அடியில் திருகி, பெடலில் பூட்டும் சிறு துண்டுதான் கிளீட். முக்கோணமாக மூன்று துளை இருந்தால் அது ரோடு ஷூ. லுக் கியோ, ஷிமானோ எஸ்பிடி-எஸ்எல் போன்ற பெரிய பிளாஸ்டிக் கிளீட்டுகள் அதில் ஏறும். அருகருகே இரண்டு துளையும் அவை நகர நீளமான பள்ளமும் இருந்தால் அது எஸ்பிடி வகை. அதன் கிளீட் சின்னது, உலோகத்தாலானது, சோலின் ரப்பருக்குள் பதுங்கி நிற்கும். ஸ்பீட்பிளே பெடலுக்கு நான்கு துளை வேண்டும். மூன்று துளை ஷூவில் ஓர் அடாப்டர் தட்டு வைத்தும் அதைப் பொருத்தலாம். ஆனால் அந்தத் தட்டின் கனம் சேரும்.

துளை பொருந்தினால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். லுக் கிளீட்டும் ஷிமானோ கிளீட்டும் ஒரே மூன்று துளையில்தான் ஏறுகின்றன, ஆனால் ஒன்றின் கிளீட் மற்றதன் பெடலில் பூட்டாது. கிளீட் எப்போதும் பெடலோடு சேர்ந்தது. புதுப் பெடல் பெட்டியிலேயே பெரும்பாலும் ஒரு ஜோடி இருக்கும்.

காலைப் பூட்டிப் பிடிக்கும் இந்தப் பெடலுக்குக் ‘கிளிப்லெஸ்’ என்று பெயர் வைத்ததுதான் வேடிக்கை. முன்பு பெடலின் மேல் ஒரு கூண்டும் வாரும் இருந்தன. அந்தக் கூண்டுக்குத்தான் கிளிப் என்று பெயர். பனிச்சறுக்குப் பலகையில் காலணியைப் பூட்டும் சாதனங்களைச் செய்துவந்த லுக் நிறுவனம் 1984-இல் கூண்டில்லாத பெடலைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அதை மிதித்து டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார். கூண்டு போனது, பெயர் ஒட்டிக்கொண்டது.

இரண்டு துளையா மூன்று துளையா என்பதற்கு, எவ்வளவு நடப்பீர்கள் என்ற கேள்விதான் விடை சொல்லும். மூன்று துளைக் கிளீட் சோலுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அதோடு நடந்தால் குதிகால் தாழ்ந்து வாத்து நடை வரும், வழவழப்பான தரையில் வழுக்கும், நடக்க நடக்க பிளாஸ்டிக்கும் தேயும். வேலைக்குப் போய் வருபவர், வழியில் இறங்கிப் படியேறுபவர், நீண்ட பயணத்தில் அடிக்கடி நிறுத்துபவர் ஆகியோருக்கு இரண்டு துளைதான் நல்லது. ரோடு சைக்கிள் என்றாலே மூன்று துளைதான் என்று எந்தச் சட்டமும் இல்லை. மூன்று துளையின் ஆதாயம், கிளீட் அகலமாக இருப்பதால் அழுத்தம் பரவலாக விழுவதும் கால் பெடலில் ஆடாமல் நிற்பதும். பல மணி நேரம் இறங்காமல் ஓட்டுபவருக்கு இது தெரியும்.

இரண்டு துளையை எடுப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிளீட் சிறிது என்பதால் அழுத்தத்தைப் பரப்பும் வேலை முழுவதும் சோலின் தலையில் விழுகிறது. சோல் மெத்தென்று இருந்தால், நீண்ட தூரத்தில் உள்ளங்காலுக்கு அடியில் ஒரு கூழாங்கல்லை வைத்து மிதிப்பது போலிருக்கும்.

பூட்டும் பெடலே வேண்டாம் என்றாலும் சரிதான். நிதானமான வேகத்தில் அளந்து பார்த்த ஆய்வுகளில், சாதாரண ஷூவுக்கும் பூட்டும் ஷூவுக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆதாயம் வெளிப்படுவது எழுந்து நின்று முழு பலத்தோடு மிதிக்கும்போதுதான். தட்டைப் பெடலுக்கு ஓட்டப்பந்தய ஷூவை மட்டும் தவிருங்கள். அதன் மெத்தை ஒவ்வொரு மிதிக்கும் அமுங்கும், மெல்லிய சோல் பெடலின் விளிம்பில் மடங்கும். அடிப்பக்கம் தட்டையாக, கையால் மடக்கினால் எளிதில் மடங்காத ஷூ போதும்.

பாதத்தை அளப்பது

மாலையில் அளங்கள். நாள் முழுக்க நடமாடிய பாதம் சற்று வீங்கியிருக்கும். சைக்கிளில் ஒரு மணி நேரம் கழிந்த பாதமும் அப்படித்தான் இருக்கும். ஓட்டும்போது போடும் சாக்ஸையே போட்டுக்கொள்ளுங்கள்.

1. சுவரை ஒட்டித் தரையில் ஒரு தாளை ஒட்டுங்கள். குதிகால் சுவரைத் தொட, இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நில்லுங்கள்.
2. மிக நீண்ட விரல் எதுவோ அதன் நுனியில் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் குறியிடுங்கள். பலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம். பெருவிரலை மட்டும் அளந்தால் கணக்குத் தப்பும்.
3. பெருவிரல் பக்கம் வெளியே துருத்தும் எலும்புமுட்டிலிருந்து சுண்டுவிரல் பக்க முட்டுவரை அகலத்தைக் குறியுங்கள்.
4. அதே இடத்தில் தையல் நாடாவைச் சுற்றிச் சுற்றளவையும் எடுங்கள்.
5. மற்றக் காலுக்கும் இதே அளவுகளை எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருப்பது அரிது.

நீளத்தைச் சைஸாக மாற்ற ஒரு எளிய வழி உண்டு. ஐரோப்பிய சைஸில் ஒரு எண் என்பது 6.67 மி.மீ. சைஸ் எண்ணை 6.67-ஆல் பெருக்கி 15-ஐக் கழித்தால், அந்த ஷூ எந்த நீளப் பாதத்துக்கு என்பது ஏறத்தாழ வந்துவிடும். 42-ஆம் எண் என்றால் 280. அதில் 15 போக 265 மி.மீ. ஷிமானோவின் அட்டவணையும் 42-க்கு 26.5 செ.மீ. என்றுதான் சொல்கிறது. ஆனால் எல்லா நிறுவனமும் இதே கணக்கில் செய்வதில்லை. ஒருவரின் 42 இன்னொருவரின் 43 ஆக இருக்கும். அதனால் எண்ணை நம்பாமல், அந்தந்த நிறுவனம் தரும் செ.மீ. அட்டவணையில் உங்கள் பாதத்தின் நீளத்தைத் தேடுங்கள். அன்றாடம் போடும் ஷூவின் எண்ணைச் சொல்லி வாங்குவதுதான் மிகப் பொதுவான தவறு. நடக்கும் ஷூவைப் பலரும் ஒரு எண் கூடுதலாகவே போட்டுக்கொண்டிருப்பார்கள்.

விரலுக்கு முன்னால் 5 முதல் 10 மி.மீ. இடம் போதும். ஓட்டப்பந்தய ஷூவில் கட்டைவிரல் அகலம் விடச் சொல்வார்கள். அங்கே பாதம் முன்னால் சறுக்கும். இங்கே சோல் வளைவதுமில்லை, பாதம் தரையில் மோதுவதுமில்லை.

அகலத்துக்காக நீளத்தை ஏற்றாதீர்கள்

பக்கவாட்டில் கடிக்கிறது, ஒரு எண் ஏற்றி எடுத்தேன், இப்போது சரி. இப்படிச் சொல்பவர்கள் ஏராளம். ஒரு எண் ஏற்றினால் நீளம் 6.67 மி.மீ. கூடுகிறது; முன்பாத அகலம் கூடுவது ஓரிரு மி.மீ. மட்டுமே. அந்த ஓரிரு மில்லிமீட்டருக்காக மூன்று விஷயங்களை இழக்கிறீர்கள்.

முதலாவது, குதிகால் பிடிப்பு தளர்கிறது. இரண்டாவது, சோலில் பாத வளைவைத் தாங்கும் மேடு, உங்கள் வளைவுக்கு நேராக அமையாமல் முன்னால் போய்விடுகிறது. மூன்றாவதுதான் பெரிது: கிளீட் துளைகள் நீளமான பாதத்துக்கு ஏற்ப முன்னால் குத்தப்பட்டிருக்கும். உங்கள் குதிகாலோ ஷூவின் பின்சுவரில்தான் அமர்கிறது. கிளீட்டைப் பள்ளத்தின் கடைசிவரை பின்னுக்குத் தள்ளினாலும் அது உங்கள் முன்பாத மேட்டுக்கு முன்னாலேயே நிற்கும். விரலால் மிதிப்பதுபோல் ஆகி, ஆடுதசைக்கும் குதிநாணுக்கும் கூடுதல் வேலை. கிளீட்டைச் சரிசெய்யவே முடியவில்லை என்று திணறுபவர்களின் ஷூவைப் பார்த்தால், பாதி நேரம் அது ஒரு சைஸ் பெரிதாக இருக்கும்.

அகலம் வேண்டுமென்றால் அகலமான அச்சில் செய்த ஷூவைத்தான் தேட வேண்டும். ஷிமானோ பல மாடல்களில் ‘வைட்’ என்று தனியாகத் தருகிறது, சிடி நிறுவனம் தன் அகல வகைக்கு ‘மெகா’ என்று பெயர் வைத்திருக்கிறது, லேக் நிறுவனத்திலும் அகல வகைகள் உண்டு. பான்ட் நிறுவனத்தின் ஷூக்களைச் சூடேற்றிக் காலுக்கேற்ப வடிவமைக்கலாம். அதற்கான வெப்பநிலையையும் நேரத்தையும் அவர்கள் தரும் குறிப்பிலிருந்து இம்மியும் மாற்றக்கூடாது.

அகலத்தைச் சோதிக்க, ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் கிடக்கும் இன்சோலை விடச் சிறந்த கருவி இல்லை. ஷூவிலிருந்து அதை உருவித் தரையில் போட்டு, குதிகாலைச் சரியாகப் பொருத்தி அதன்மேல் நில்லுங்கள். பெருவிரல் முட்டிலோ சுண்டுவிரல் பக்கத்திலோ சதை விளிம்பைத் தாண்டி வழிந்தால், ஷூவுக்குள் அந்தச் சதை சுவரில்தான் அமுங்கும். இரண்டு மில்லிமீட்டர் வழிந்தால் மேல்துணி இடம் கொடுக்கலாம். ஐந்து வழிந்தால் அந்த ஷூவை மறந்துவிடுங்கள். விரல் பகுதியின் வடிவத்தையும் இதே சோதனையில் பார்த்துவிடலாம்: விரல்கள் சதுரமாக வரிசை கட்டி நிற்க, இன்சோல் ஊசிமுனைபோல் குவிந்திருந்தால் சுண்டுவிரல்தான் பலி.

உயரம் என்று ஒன்றும் இருக்கிறது. புறங்கால் மேடாக உள்ளவருக்கு, அகலமும் நீளமும் சரியாக இருந்தாலும் மேல்வார் நரம்பை அழுத்தும். புறங்கால் தட்டையாக உள்ளவர் வாரைக் கடைசிவரை இழுத்தாலும் பிடி கிடைக்காது. வார் நடுத்தூரத்தில் பிடித்தால் அளவு சரி. இரண்டு பக்கமும் தளர்த்தவும் இறுக்கவும் இடம் மிஞ்ச வேண்டும்.

போட்டுப் பார்க்கும்போது

இரண்டு ஷூவையும் போட்டு, கீழிருந்து மேலாக இறுக்குங்கள். விரலருகில் மென்மையாக, நடுவில் உறுதியாக, கணுக்காலருகில் நன்றாக. குறைந்தது பதினைந்து நிமிடம் அப்படியே இருங்கள்.

நடந்து பார்ப்பதால் பெரிய பயனில்லை. சோல் மடங்காது என்பதால், நடக்கும்போது எந்தக் கெட்டியான ஷூவிலும் குதிகால் கொஞ்சம் எழும்பத்தான் செய்யும். அதை வைத்து ஷூ தளர்வு என்று முடிவு கட்டி ஒரு எண் குறைத்துவிடுபவர்கள் உண்டு. அதற்குப் பதில், நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொருவரை ஷூவின் முன்பகுதியைத் தரையோடு அழுத்திப் பிடிக்கச் சொல்லிக் குதிகாலை மேலே இழுங்கள். பெடல் மேலே வரும்போது நடப்பது இதுதான். குதிகால் ஷூவோடு சேர்ந்தே வர வேண்டும். பிறகு, படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து ஏறி நில்லுங்கள். முழு எடையும் முன்பாதத்தில் விழும்போது அது பக்கவாட்டில் விரிய இடம் இருக்கிறதா என்பது அப்போது தெரியும். விரல்களை மேலும் கீழும் அசைக்க முடிய வேண்டும்.

இரண்டு பாதமும் வேறு அளவென்றால் பெரிய பாதத்துக்கு ஏற்ப வாங்குங்கள். சிறிய பாதத்தின் ஷூவில் சற்றுக் கனமான இன்சோல் போட்டால் உள்ளே இடம் குறையும். விரல் முனையில் பஞ்சு அடைப்பது வீண் வேலை. குதிகால் பிடிப்புக்கு அது எதுவும் செய்யாது.

போகப் போகச் சரியாகிவிடும் என்பது தோல் செருப்புக் காலத்து வாக்கு. இன்றைய ரோடு ஷூக்களில் பெரும்பாலானவை செயற்கை இழையாலானவை. அவை விரிந்து கொடுப்பது மிகக் கொஞ்சம், கார்பன் சோலோ விரியவே விரியாது. முதல் நாள் கடிக்கும் ஷூ ஆறு மாதம் கழித்தும் கடிக்கும்.

தனியாக இன்சோல் வைத்துக்கொள்பவர் அதையும் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். கனமான இன்சோல் உள்ளிடத்தைக் கணிசமாகத் தின்றுவிடும். ஷூவோடு வரும் இன்சோல் பெரும்பாலும் பெயரளவுக்குப் போட்ட மெல்லிய நுரைதான். பாத வளைவைத் தாங்கும் நல்ல இன்சோல் ஒன்றை மாற்றிப் போடுவது, விலையுயர்ந்த ஷூவுக்குத் தாவுவதைவிடப் பலருக்கு அதிகம் உதவும்.

சோலின் விறைப்பு

நைலான், கண்ணாடி இழை கலந்த நைலான், கார்பன் என்று விறைப்பு ஏறிக்கொண்டே போகும். பெட்டியில் விறைப்பு 6, 10, 12 என்று எண் போட்டிருப்பார்கள். அந்த எண் அந்தந்த நிறுவனத்தின் சொந்த அளவுகோல்; ஒருவரின் 10-ஐ இன்னொருவரின் 12-ஓடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

விறைப்பான சோல் வளையாது, எடை குறைவு, அழுத்தத்தைப் பரப்பும். அதே சமயம் சாலையின் அதிர்வை அப்படியே காலுக்குக் கடத்தும், பாத வளைவு பொருந்தாவிட்டால் மன்னிக்காது. பந்தயம் ஓடாதவருக்கு நடுத்தர விறைப்புள்ள நைலான் கலவை போதும். பொருந்தாத கார்பன் ஷூவைவிடப் பொருந்திய நைலான் ஷூ வேகமானது, ஏனென்றால் நூறாவது கிலோமீட்டரிலும் அதை மிதிக்க முடியும்.

ஒரு சிறு கணக்கு: சோலின் தடிமன் மாறினால் சீட்டின் உயரமும் மாற வேண்டும். பழைய ஷூவைவிடப் புதியதன் சோல் 3 மி.மீ. மெல்லியது என்றால் சீட்டையும் 3 மி.மீ. இறக்குங்கள். ஷூ மாற்றிய வாரத்திலேயே முட்டி வலிக்கத் தொடங்கினால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

லேஸ், வெல்க்ரோ, டயல்

லேஸ் இறுக்கத்தைச் சீராகப் பரப்பும், எடை குறைவு, அறுந்தாலும் எங்கும் கிடைக்கும்; ஆனால் ஓட்டும்போது சரிசெய்ய முடியாது. முனையைச் செருகி வைக்க இடமில்லாத லேஸ் ஷூவை வாங்காதீர்கள், சங்கிலியில் மாட்டும். வெல்க்ரோ எளிது, நீடிக்கும். சேறும் நூலும் அடைந்தால் பிடி போகும். பல் பல்லாக இறுகும் ரேட்செட் பக்கிள் உறுதியானது, ஆனால் வார் ஒரு கோடாகத்தான் அழுத்தும்.

போவா போன்ற டயல்களில் மெல்லிய கம்பி இறுகும். வெப்பத்தில் பாதம் வீங்கும்போது ஓட்டிக்கொண்டே தளர்த்த முடிவதுதான் இதன் உண்மையான பயன். இங்கே வகையைக் கவனியுங்கள்: சில டயல்கள் இறுக்க மட்டுமே திரும்பும், தளர்த்த வெளியே இழுக்க வேண்டும், இழுத்தால் மொத்தமும் விடுபட்டுவிடும். இரண்டு பக்கமும் திரும்பும் டயலில் ஒவ்வொரு கிளிக்காகத் தளர்த்தலாம். ஒரே டயல் உள்ள ஷூவில் மேலும் கீழும் ஒரே கம்பிதான். முன்பாதம் அகலமானவர் விரல் பக்கத்தைத் தனியாகத் தளர்த்த இரண்டு டயலோ, அல்லது டயலும் கீழே ஒரு வெல்க்ரோவுமோ இருக்கும் ஷூ நல்லது.

கிளீட்டைப் பொருத்துவது

ஷூவைப் போட்டுக்கொண்டு, பெருவிரலுக்குப் பின்னால் உள்புறம் துருத்தும் எலும்புமுட்டை மேலிருந்து விரலால் தடவிக் கண்டுபிடித்து, ஷூவில் ஒரு ஒட்டுநாடாத் துண்டில் குறியிடுங்கள். சுண்டுவிரல் பக்க முட்டையும் அதேபோல். சுண்டுவிரல் முட்டு சற்றுப் பின்னால் இருக்கும். பெடல் அச்சு இந்த இரண்டு குறிகளுக்கும் நடுவில் விழுமாறு கிளீட்டை வையுங்கள். பல கிளீட்டுகளின் பக்கவாட்டில் அச்சின் இடத்தைக் காட்டும் கோடு இருக்கும். சந்தேகம் வந்தால் முன்னால் வைப்பதைவிட ஓரிரு மி.மீ. பின்னால் வைப்பது பாதுகாப்பு. ஆடுதசையின் சுமை குறையும்.

கோணத்துக்கு, உயரமான மேசையில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிடுங்கள். பாதம் வெளிப்பக்கம் திரும்பி நிற்கிறதா, நேராகவா? அந்த இயல்பான கோணத்துக்கு ஏற்ப வையுங்கள். இங்கே மனம் குழம்பும்: கிளீட்டின் மூக்கை வெளிப்பக்கம் திருப்பினால் பெடலில் பூட்டும்போது ஷூவின் முனை உள்ளே திரும்பும். பாதம் வெளியே பார்க்க வேண்டுமென்றால் கிளீட்டின் மூக்கு பெருவிரல் பக்கம் பார்க்க வேண்டும். பக்கவாட்டிலும் இதே தலைகீழ்க் கணக்குத்தான். கிளீட்டை உள்ளே நகர்த்தினால் பாதம் கிராங்கை, அதாவது பெடலைத் தாங்கும் தண்டை, விட்டு விலகும்.

திருகாணிகளில் முதலில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்; கடைகளில் வரும் சில திருகாணிகளில் நீல நிறப் பசை ஏற்கெனவே இருக்கும், அவற்றுக்கு வேண்டாம். மூன்றையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, ஷிமானோ கிளீட் என்றால் 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையில் நிறுத்துங்கள். முதல் பயணம் முடிந்ததும் மறுபடி சோதியுங்கள். புதுக் கிளீட் ஒருமுறை அமுங்கிய பிறகு திருகு தளரும். தளர்ந்த கிளீட்டில் காலைத் திருப்பினால் கிளீட் சோலின்மேல் சுழலும், பெடலோ விடாது. சிக்னலில் நின்றபடியே சாய்ந்து விழுபவர்களில் சிலருக்குக் காரணம் பழக்கமின்மை அல்ல, இந்தத் திருகு.

பூட்டிய பிறகும் குதிகால் எவ்வளவு பக்கவாட்டில் ஆடலாம் என்பது ஃப்ளோட். இதை நிறத்தால் குறிக்கிறார்கள். ஆனால் நிறங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஷிமானோ எஸ்பிடி-எஸ்எல்லில் சிவப்பு 0 டிகிரி, நீலம் 2, மஞ்சள் 6. லுக் கியோவில் கறுப்பு 0, சாம்பல் 4.5, சிவப்பு 9. அதாவது ஒன்றில் சிவப்பு என்றால் அசையவே அசையாது, மற்றதில் அதுதான் மிக அதிகம் அசைவது. புதியவர் ஷிமானோவில் மஞ்சள், லுக்கில் சாம்பல் என்று தொடங்கலாம். எஸ்பிடியில் பல திசையில் விடுபடும் எஸ்எச்56 கிளீட், பக்கவாட்டில் மட்டும் விடுபடும் எஸ்எச்51-ஐவிடக் கற்றுக்கொள்ள எளிது.

சாலைக்குப் போகுமுன் சுவரைப் பிடித்துக்கொண்டு, பெடலில் பூட்டின் இறுக்கத்தை மாற்றும் திருகைக் குறைந்தபட்சத்தில் வைத்து, ஒவ்வொரு காலையும் ஐம்பது முறை பூட்டி விடுவியுங்கள். குதிகாலை வெளியே திருப்பினால் விடும். பல திசையில் விடுபடும் கிளீட்டைத் தவிர மற்றவை மேலே இழுத்தால் விடாது. பதற்றத்தில் கால் செய்ய நினைப்பது இரண்டாவதைத்தான்.

எங்கே கோளாறு?

முன்பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது. இதுதான் அதிகம் கேட்கப்படும் புகார். விரல் எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்புகள் நசுங்குவதே பெரும்பாலும் காரணம். முதலில் விரல் பக்க வாரைத் தளர்த்துங்கள். போகவில்லையா, கனமான சாக்ஸை மாற்றி மெல்லியதைப் போடுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் கிளீட்டை 2 மி.மீ. பின்னுக்கு நகர்த்துங்கள். முன்பாத எலும்புகளை விரித்துக் கொடுக்கும் சிறு திண்டு ஒட்டிய இன்சோலும் பலன் தரும். அந்தத் திண்டு எலும்பு மேட்டுக்கு நேர் கீழே அல்ல, சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். நேர் கீழே வைத்தால் வலி இரட்டிப்பாகும். இத்தனைக்குப் பிறகும் எரிந்தால் ஷூ குறுகல் என்று ஒப்புக்கொள்வதுதான் மிச்சம்.

புறங்கால் வலித்தால் மேல்வார் இறுக்கம் அதிகம், அல்லது உள்நாக்கு நகர்ந்திருக்கிறது. குதிகாலில் கொப்புளம் வந்தால் ஷூ பெரிது. பெருவிரல் நகம் கறுத்தால் சிறிது, அல்லது கணுக்கால் பக்கம் தளர்வாக விட்டதால் பாதம் முன்னால் சறுக்குகிறது. ஆடுதசை இறுகினால் கிளீட் முன்னால் இருக்கிறது. முட்டியின் உட்புறமோ வெளிப்புறமோ வலித்தால் கிளீட்டின் கோணத்தையும், ஃப்ளோட்டின் எல்லையில் குதிகால் போய் முட்டிக்கொண்டே இருக்கிறதா என்பதையும் பாருங்கள். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம். எதையும் ஒரு நேரத்தில் ஒன்றாக, 2 மி.மீ.க்கு மேல் போகாமல் மாற்றி, இரண்டு மூன்று பயணம் பொறுங்கள். மாற்றுமுன் கிளீட்டைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுவைத்தால் திரும்ப வர வழி இருக்கும். வாரக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு மருத்துவர்தான்.

வெயில், மழை, தேய்மானம்

வெப்பமான இடத்தில் ஓட்டுபவர் மேல்பகுதியில் வலையும் சோலில் காற்றுத் துளையும் உள்ளதைத் தேடுங்கள். குளிரான இடத்தில் அதே துளைகள் எதிரி. உறை போடலாம், ஆனால் கனமான சாக்ஸைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும்.

நனைந்த ஷூவின் இன்சோலை உருவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஈரம் ஏறியதும் தாளை மாற்றுங்கள். கொளுத்தும் வெயிலிலோ ஹீட்டர் முன்னாலோ வைத்தால் சோலின் பசை விடும்.

கிளீட்டைத் தேய்மானக் குறி மறைந்ததும் மாற்ற வேண்டும். லுக் கியோவில் அதற்கென்றே குறிகள் இருக்கின்றன, ஷிமானோவில் நிறமுள்ள முனைத் திண்டுகள் தேய்ந்துபோவதைப் பார்க்கலாம். பூட்டியபின் கால் மேலும் கீழும் ஆடினாலோ, எழுந்து மிதிக்கும்போது தானாகக் கழன்றாலோ குறிக்குக் காத்திருக்காதீர்கள். ஜோடியாகவே மாற்றுங்கள். குதிகால் அடியில் இருக்கும் ரப்பர்த் திண்டு திருகில் கழன்று மாறக்கூடியதா என்பதை வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். சோலும் மேல்துணியும் நன்றாக இருக்கும்போதே, ஒட்டிய திண்டு தேய்ந்ததால் மட்டும் ஒதுக்கப்படும் ஷூக்கள் நிறைய.